எந்தப் பாட்டுக்கு எழுந்து போவீங்க?

கேள்வி (வாசகர் ஒருவர்)

"த்ரில்லர், பேய்ப்படம், காமெடி, காதல்னு தமிழ்ல தனித்தனியா வகை எங்க இருக்கு? எல்லாம் ஒரே இலையில போட்ட ஃபுல் மீல்ஸ். அஞ்சு பாட்டு, மூணு ஃபைட்டு, தனி காமெடி டிராக், கடைசியில அம்மா சென்டிமென்ட். வகைவகையா பிடிச்ச படம் சொல்லுங்கன்னா ஒருத்தரும் தேத்த மாட்டீங்க. முடிஞ்சா சொல்லுங்க, பார்ப்போம்."

ஜூன் 7, சனி இரவு

மீல்ஸ் கணக்கை நீங்களே வெச்சுக்குங்க சார். எனக்கு வேற கணக்கு.

அசோக் நகர்ல வளர்ந்தவன் நான். உதயம், சூரியன், சந்திரன், மினி உதயம்னு நாலும் ஒரே காம்பவுண்ட்ல ஓடின காலம். கவுண்டர்ல எப்பவும் ஓர சீட்டுதான் கேட்பேன். பாட்டு வந்தா பாதி ஹால் எழுந்துக்கும், டீ, தம், பாத்ரூம்னு. நானும் அந்தக் கூட்டம்தான். அப்படி எழுந்து போகாம எது என்னை உட்கார வெச்சுதோ அது என் படம். எதுக்காக உட்கார்ந்தேன்னு யோசிச்சா அது என்ன வகைன்னும் தெரிஞ்சுடும். போஸ்டர்ல என்ன போட்டிருந்தான்னு பார்க்க வேண்டியதில்ல.

துப்பறியும் கதை: அந்த நாள், 1954. ஏவிஎம் எடுத்தது, இயக்கம் வீணை எஸ். பாலசந்தர். ஒரு பாட்டு கிடையாது, ஒரு டான்ஸ் கிடையாது. ஆரம்பத்துலயே துப்பாக்கிச் சத்தம், சிவாஜி விழுந்து செத்துப்போறார். 54ல தியேட்டருக்குள்ள போனவனை நினைச்சுப் பாருங்க. ஹீரோ போயிட்டார், எழுந்து வெளிய போக ஒரு பாட்டும் வராது. மாட்டிக்கிட்டான்.

சிரிப்பு: காதலிக்க நேரமில்லை, 1964. காரணம் நாளைக்கு எழுதறேன், கரண்ட் போற மாதிரி இருக்கு.

ஜூன் 8, ஞாயிறு காலை

கரண்ட் போகல.

நாகேஷ் பாலையாகிட்ட சொல்ற அந்தப் பேய்க்கதையைப் பத்தி இதுவரைக்கும் எல்லாரும் எழுதியாச்சு. எல்லாரும் நாகேஷைச் சொல்வாங்க. நான் பாலையா கட்சி. கதவு கிறீச்சுங்கறதும் காலடிச் சத்தமும் நாகேஷ் வாயில இருந்து வருது, சரி. ஆனா பயம் இருக்கறது பாலையா மூஞ்சில. அவர் பதறலைன்னா நாகேஷ் வெறுமனே சத்தம் போட்டுட்டிருக்கற பையன். கேட்கறவன் நல்லா நடிச்சாத்தான் சொல்றவன் ஜெயிப்பான். இன்னிக்கு வர காமெடியில எல்லாருமே சொல்றவங்க, கேட்க ஆளில்ல.

அதுல பாட்டுக்கும் எழுந்து போக முடியாது. "விஸ்வநாதன் வேலை வேணும்" கதையை நிறுத்திட்டு வர பாட்டு இல்ல, பாட்டுக்குள்ளதான் கதை நடக்குது. ஸ்ரீதருக்கு இது தெரிஞ்சிருக்கு, கூட எழுதின சித்ராலயா கோபுவுக்கும் தெரிஞ்சிருக்கு. ரவிச்சந்திரன், காஞ்சனா ரெண்டு பேரும் அதுல புதுமுகம்னு சொன்னா என் அக்கா பையன் நம்பவே மாட்டேங்கறான்.

ஜூன் 8, ஞாயிறு மாலை

அந்த நாள் 'ராஷோமான்' காப்பின்னு ஒருத்தர் ஒரே வரில முடிச்சிருக்கார். அவ்வளவு சுலபம் இல்ல தலைவா. 1950ல வந்த அந்த ஜப்பான் படத்துல நாலு பேர் நாலு விதமா சொல்வாங்க, கடைசி வரைக்கும் எது நெஜம்னு கையில பிடிக்க முடியாது. அந்த நாள்ல ஆளாளுக்கு ஒரு கதை சொல்றது மட்டும்தான் ஒத்துமை. முடிவுல ஒரே ஒரு விடை இருக்கு, அதுவும் கெட்டியான விடை. ஜப்பான்காரன் மெட்ராஸ் மேல குண்டு போட்ட 1943, அந்த ஊர் பயத்தையே கொலைக்குக் காரணமா கொண்டு வந்து வெச்சாங்க. திரைக்கதை எழுதின ஜாவர் சீதாராமனே சி.ஐ.டி. அதிகாரியா வந்து விசாரிப்பார். கதை எழுதினவனே வந்து "நெஜத்தைச் சொல்லு"ன்னு கேட்கற வேடிக்கை ராஷோமான்ல உண்டா?

யார் கொன்னதுன்னு இங்க சொல்லலாமான்னு யோசிச்சேன். எழுபது வருசம் தாண்டிடுச்சு. இருந்தாலும் சொல்லல, பார்க்காதவங்க இருக்கீங்க.

ஜூன் 9, திங்கள்

பேய்ப்படம் எங்கேன்னு கேட்டவருக்கு. முனி, காஞ்சனா, அரண்மனைன்னு 2007ல இருந்து வரிசையா வந்ததெல்லாம் பேய் வேஷம் போட்ட காமெடி. கோவை சரளா கத்தறதைப் பார்த்து நானும் சிரிச்சேன், குறையே இல்ல. ஆனா பயம்னா யாவரும் நலம், 2009. மாதவன் புது ஃப்ளாட்டுக்குக் குடி போறார். தினம் மத்தியானம் டிவில ஒரு சீரியல் ஓடும், அவங்க வீட்டுல நடக்கறதே அதுல வரும். ரத்தம், பல்லு, முடியை விரிச்சுப் போட்ட உருவம் எதையும் நம்பி எடுத்த படமில்ல. லிஃப்ட் அவருக்கு மட்டும் வேலை செய்யாது, அவ்வளவுதான். எனக்கு அதுவே போதுமா இருந்துச்சு. கேமரா பி.சி. ஸ்ரீராம். சாதாரண ஹாலையும் சோபாவையும் காட்டியே வயித்தைக் கலக்கினார்.

எங்கம்மா பார்த்துட்டு சொன்னது: "இதுல என்னடா பேய் இருக்கு? எல்லா வீட்லயும் சீரியல்ல வரதுதானே நடக்குது." அவங்களுக்கு அது குடும்பப் படம்.

ஜூன் 9, திங்கள் இரவு, தூக்கம் வரல

பேய்ப்படம் பத்தி காலைல எழுதினதுல ஒரு திருத்தம். யாவரும் நலம் ரெண்டாவது. முதல் இடம் 'வீடு', 1988, பாலு மகேந்திரா.

சிரிக்காதீங்க. சென்னையில சொந்தமா ஒரு கிரவுண்டு வாங்கி, பிளான் போட்டு, அப்ரூவலுக்கு அலைஞ்சு, கான்ட்ராக்டர் கையில மாட்டினவங்க யாராவது இங்க இருந்தா கை தூக்குங்க. அர்ச்சனா ஒரு மாசச்சம்பளப் பொண்ணு. தாத்தா, தங்கச்சி, வாடகை வீட்டைக் காலி பண்ணச் சொல்ற ஓனர். லோன், லஞ்சம், மூட்டை மூட்டையா காணாம போற சிமெண்ட். கல்லு தூக்கற மங்கம்மாதான் அந்தத் திருட்டை முதல்ல சொல்வா. ஒவ்வொரு ரீல்லயும் கதவுக்குப் பின்னால ஏதோ நிக்குது. கடைசில மெட்ரோ வாட்டர்க்காரங்க வந்து இந்த நிலம் நாங்க எடுத்ததுன்னு சொல்ற இடத்துல நான் நெஜமாவே சீட்டுக் கைப்பிடியைப் பிடிச்சேன். எந்தப் பேய்ப்படத்துலயும் அப்படிப் பிடிச்சதில்ல.

எங்க வீடு கட்டினப்போ பிளம்பிங் பார்த்தவர் ஒருத்தர் அட்வான்ஸோட காணாம போனார். அப்போ எனக்கு ஞாபகம் வந்தது இந்தப் படம்தான். வீட்டம்மா படத்தைப் பாதியிலயே நிறுத்தச் சொல்லிட்டாங்க. அதுக்கு மேல ஒரு பேய்ப்படத்துக்கு என்ன சர்டிபிகேட் வேணும்?

இதுலயும் பாட்டு இல்ல. பின்னணிக்கு இளையராஜாவோட 'ஹவ் டு நேம் இட்' இசை. தாத்தாவா வர சொக்கலிங்க பாகவதர் பாதி கட்டின வீட்டைப் பார்க்கப் போற பகுதி இருக்கே, பசங்களா, நடிப்புன்னா என்னன்னு தெரியணும்னா அதைப் பாருங்க. செவுத்தைத் தொட்டுப் பார்ப்பார். வசனம் ஒன்னும் கிடையாது. அர்ச்சனாவுக்கு இந்தப் படத்துக்குத் தேசிய விருது. எனக்கென்னவோ பாகவதருக்கும் சேர்த்து ரெண்டாக் கொடுத்திருக்கணும்.

ஜூன் 10, செவ்வாய்

"அப்ப பாட்டே இல்லாத படம்தான் உசத்தின்னு சொல்றீங்களா?" இல்ல ஜி. எழுந்து போக முடியாத பாட்டுதான் உசத்திங்கறேன். வித்தியாசம் இருக்கு.

சந்திரலேகா, 1948. ஜெமினி வாசன் படம். முரசு நடனத்துக்கு யாராவது எழுந்து போயிருப்பாங்களா? ராட்சச முரசுங்க மேல பொண்ணுங்க ஆடறாங்க. ஆட்டம் முடிஞ்சதும் முரசுக்குள்ள இருந்து வீரனுங்க வாளோட குதிக்கறாங்க. அந்த டான்ஸ்தான் சண்டைக்குப் போட்ட திட்டமே. டீ குடிச்சுட்டு திரும்பி வந்தவனுக்கு க்ளைமாக்ஸ் புரியாது. எழுபத்தேழு வருசம் முன்னாடி இதை யோசிச்சவங்க ஊர்ல நாம பாட்டை செல்போன் பார்க்கற நேரமா ஆக்கி வெச்சிருக்கோம்.

ஜூன் 10, பிற்பகல்

காதல் வகைக்கு '96' சேர்க்கணும்னு மூணு பேர் எழுதிட்டீங்க. 2018ல பார்த்தப்போ எனக்கு ரொம்ப இழுவை. பள்ளிக்கூடப் பகுதியில ரெண்டு தடவை எழுந்து போனேன், மறைக்கல. ஆனா ஒரு விஷயம் இப்போ தோணுது. அந்தப் படமே ஒரு பாட்டுக்காக காத்திருக்கற படம். தளபதில வர "யமுனை ஆற்றிலே"வை பாடச் சொல்லி ஸ்கூல்ல இருந்து ஹீரோ கேட்டுட்டே இருப்பான், ஹீரோயின் அதை மட்டும் விட்டுட்டு மத்ததெல்லாம் பாடுவா. வருசக்கணக்கா கழிச்சு, கரண்ட் போன இருட்டுல, கேட்காமலே பாடுவா. அவன் லைட்டு தேடி ஓடுவான். பாட்டு வந்தா வெளிய ஓடற நமக்கு நேர் எதிர் ஆளு. அந்த ஒரு சீனுக்காகப் படத்தைப் பட்டியல்ல சேர்க்கறேன். இழுவைன்னு சொன்னதை மட்டும் வாபஸ் வாங்கல.

ஜூன் 11, புதன்

நாயகன் தாராவியில எடுத்ததுன்னு ஒரு தம்பி எழுதியிருக்கார். பெரும்பாலும் இங்க வீனஸ் ஸ்டுடியோவுல தோட்டா தரணி போட்ட செட்டு தம்பி. அதுக்குத்தான் அவருக்கு அந்த வருசம் தேசிய விருது. கமலுக்கும் பி.சி. ஸ்ரீராமுக்கும் அதே படத்துக்குக் கிடைச்சுது. பம்பாய்க்காரங்களே ஏமாந்தாங்கன்னு கதை கதையா சொல்வாங்க.

கேங்ஸ்டர் படம்னா எல்லாரும் நாயகன்னு ஆரம்பிச்சு அங்கயே முடிச்சுடறாங்க. நான் அங்க நிக்கல. என் படம் ஆரண்ய காண்டம், 2011. தியாகராஜன் குமாரராஜாவுக்கு முதல் படம். ஒரே நாள்ல நடக்கற கதை, வட சென்னை. பாட்டு இல்ல. ஜாக்கி ஷெராஃப் வயசான தாதா. கை காலெல்லாம் ஆட்டம் காண்ற தாதாவை அதுக்கு முன்னாடி நாம பார்த்ததில்ல. நம்ம தாதாக்கள்லாம் வயசானா வெள்ளை முடி வைப்பாங்க, கண்ணாடி போடுவாங்க, தத்துவம் பேசுவாங்க. இவர் எரிஞ்சு விழுவார்.

சேவல் சண்டையில தோத்துப்போன ஒரு ஜமீன்தாரு, கூட அவர் பையன் கொடுக்காப்புளி. அப்பாவை ரொம்பப் பிடிக்குமான்னு கேட்டா பையன் அப்படில்லாம் ஒன்னுமில்ல, ஆனா அவர் என் அப்பாங்கற மாதிரி பதில் சொல்வான். நாயகன்ல பேரன் கேட்கற கேள்வி எல்லாருக்கும் மனப்பாடம். எனக்கு இந்தப் பதில்தான்.

தியேட்டர்ல ஓடல. தேசிய விருது வந்துச்சு, இயக்குநரோட முதல் படத்துக்கான இந்திரா காந்தி விருதும், எடிட்டிங் விருதும். நான் போன ஷோவுல ஏசி சத்தம்தான் கூட இருந்துச்சு.

ஜூன் 11, புதன் இரவு

"மெட்ராஸ் எங்க, வடசென்னை எங்க, புதுப்பேட்டை எங்க?" எல்லாம் பிடிக்கும். மெட்ராஸ் (2014) கேங்ஸ்டர் வகையே இல்ல, ஒரு செவுத்தைப் பத்தின படம். வியாசர்பாடி ஹவுசிங் போர்டு செவுரு ஒன்னு, அதுல எந்தக் கட்சி படம் வரையறதுன்னு அடிதடி. எலக்‌ஷன் டைம்ல நம்ம தெருவுல நடந்துட்டா பா. ரஞ்சித் மிகைப்படுத்தலன்னு புரியும். புதுப்பேட்டை பாதி. எந்தப் பாதின்னு கேட்காதீங்க, சண்டை வரும்.

ஜூன் 12, வியாழன்

இடைவேளை பத்தி ஒருத்தர் எழுதினது நல்ல பாயிண்ட். வெளிநாட்டுப் படத்துல இடைவேளையே கிடையாது, இங்க ஆபரேட்டர் மனசு வெச்ச இடத்துல வெட்டுவாங்க. 'கிராவிட்டி' மொத்தமே 91 நிமிஷம். பூமிக்கு மேல தனியா மிதந்துட்டிருக்கற அந்தம்மா திரும்புவாங்களா மாட்டாங்களான்னு நான் பல்லைக் கடிச்சுட்டு உட்கார்ந்திருக்கேன், படக்குன்னு லைட்டைப் போட்டு "பாப்கார்ன், பப்ஸ்"னு ட்ரேயோட ஒரு பையன் வந்துட்டான். தியேட்டர் பேர் வேணாம். பப்ஸ் நல்லாவே இருந்துச்சு.

நம்ம ஆளுங்க இடைவேளைக்குன்னே எழுதறவங்க. அதைப் பலவீனம்னு சொல்றது எனக்கு ஒத்துவராது. "இப்ப வெளிய போய் இதைப் பத்தியே பேசு"ன்னு அனுப்பற மாதிரி ஒரு இடத்துல நிறுத்தறது தனி வித்தை. நாடகக்காரங்க கிட்ட இருந்து வந்தது.

ஜூன் 12, மாலை

மைக்கேல் மதன காமராஜன் இன்னும் யாரும் சொல்லலையே, உடம்பு சரியில்லையா எல்லாருக்கும்?

1990 தீபாவளி. நாலு கமல், கிரேஸி மோகன் வசனம், சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கம். மலை உச்சில வீடு சாயற க்ளைமாக்ஸ் சாப்ளின் 1925லயே 'கோல்ட் ரஷ்'ல பண்ணினது. எடுத்தாங்கன்னு சொல்றவங்க எடுத்ததை என்ன பண்ணினாங்கன்னும் பாருங்க. அங்க ரெண்டு பேர் சாஞ்சாங்க, இங்க ஊரே உள்ள இருக்கு, நாலு பேர் ஒரே மூஞ்சி.

எனக்கு உசிர் கல்யாண வீட்டு சாம்பார்தான். மீன் விழுந்தாச்சு, ஐயர் சமையல்காரர் காமேஸ்வரன், பந்தி உட்கார்ந்தாச்சு. அவர் பொய் சொல்லத் தெரியாம முழிக்கறார். இங்கயும் அதே சூத்திரம்: பயம் கேட்கறவன் மூஞ்சில. பாலையா வாரிசு.

எங்க மாமா ஒருத்தர் கல்யாண கான்ட்ராக்ட் சமையல்காரர். அவருக்கு அந்த சீன்ல சிரிப்பே வரல. "அண்டாவை மூடாம வெச்சது யாரு"ன்னு கேட்டுட்டே இருந்தார்.

ஜூன் 13, வெள்ளி

உதிரிப்பூக்கள் (1979) எந்த வகைன்னு ஒரு அம்மா கேட்டிருக்காங்க. புதுமைப்பித்தனோட 'சிற்றன்னை'யைத் தொட்டு மகேந்திரன் எடுத்தது. குடும்பப் படம்னு அலமாரில வெப்பாங்க. எனக்கு அது வில்லன் படம். விஜயன் பண்ற சுந்தரவடிவேலு அடிக்க மாட்டான், கத்த மாட்டான். ஊர்ல மதிப்பான மனுஷன், வெள்ளைச் சட்டை, மெதுவான பேச்சு. பொண்டாட்டியைப் பார்வையிலயே கொல்றவன். அந்த மாதிரி ஆளுங்களை நாம கல்யாண வீட்ல பார்த்து வணக்கம் வெச்சிருக்கோம், அதான் பயம்.

கடைசியில ஊரே சேர்ந்து ஆத்துக்குள்ள போகச் சொல்லும்போது, உங்களையும் என்னை மாதிரி ஆக்கிட்டேன்ங்கற பொருள்ல ஒரு பேச்சு பேசுவான். வில்லன் செத்தான்னு கைதட்டக் கை தூக்கினவன் அப்படியே இறக்கிடுவான்.

அடுத்தது நீங்க கேட்கப்போறது முள்ளும் மலரும். அதுல காளி தன் தங்கச்சியை என்ஜினீயர்கூட அனுப்பி வைக்கும்போதும், உன்னை எனக்கு இன்னும் பிடிக்கலன்னு அந்த என்ஜினீயர்கிட்ட சொல்லிட்டுத்தான் விடுவான். அண்ணன் தங்கச்சி படத்துல அதுக்கு முன்னாடி அண்ணன் திருந்தித்தான் ஆகணும். இவன் திருந்தல, விட்டுக்கொடுத்தான். ரஜினி ரசிகர்கள் மன்னிக்கணும், அதுக்கப்புறம் வந்த அத்தனை ஸ்டைலையும் நான் அந்த ஒரு வீம்புக்காகக் கொடுத்துடுவேன்.

ஜூன் 14, சனி

"ஓடாத படமா பார்த்துப் பார்த்துப் பொறுக்கறீங்க." அப்படியா? கரகாட்டக்காரன் மதுரையில ஒரு வருசத்துக்கு மேல ஓடினது, அதுவும் என் பட்டியல்தான். வாழைப்பழத்துல கவுண்டமணி கேட்கறவர், செந்தில் சொல்றவர். அங்கயும் வேலை முழுக்க கேட்கறவருக்கு.

அன்பே சிவத்தை மட்டும் சொல்லாதீங்க. 2003 பொங்கலுக்கு வந்தப்போ ஆளில்லாத ஹால்ல நான் பார்த்தேன்னு இப்போ சொல்றவங்க எல்லாரும் நெஜமா போயிருந்தா படம் நூறு நாள் ஓடியிருக்கும்.

ஜூன் 15, ஞாயிறு

கடைசியா ஒன்னு பாக்கி: "அறிவியல் புனைவு வகைக்கு ரோபோ வர வரைக்கும் தமிழ்ல என்ன இருந்துச்சு?"

கலை அரசி, 1963. எம்.ஜி.ஆர்., பானுமதி, நம்பியார். வேற்றுக் கிரகத்துக்காரங்க விஞ்ஞானத்துல எங்கயோ போயிட்டாங்க, ஆனா அவங்களுக்குப் பாட்டு தெரியாது. அதனால பறக்கற தட்டுல பூமிக்கு வந்து பானுமதியைத் தூக்கிட்டுப் போறாங்க, பாட்டு சொல்லிக்கொடுக்க. எம்.ஜி.ஆர். பின்னாலயே கிளம்பிடறார். ஹாலிவுட்ல வேற்றுக்கிரகத்தான் வந்தா ஊரை எரிப்பான், தண்ணி கேட்பான். நம்ம ஊருக்கு வந்தவன் பாட்டு வாத்தியார் கேட்டான்.

நீங்க கேட்ட வகையும் இதுல இருக்கு, பாட்டும் கதைக்குள்ள இருக்கு. யூட்யூப்ல கிடைச்சா பாருங்க. பிரிண்ட் சுமார்தான், நம்பியார் டிரெஸ்ஸைப் பார்த்து சிரிக்கறதுக்குத் தனியா நேரம் ஒதுக்கிக்குங்க.